எந்திரமும் சக்கரமும்: கடன்மல்லைக் கற்கோயில்களை நோக்கி ஓர் ஆராய்ச்சி

1. தோற்றுவாய்

மாமல்லபுரத்துக் கற்கோயில்களைக் காணச் செல்லும் மாணவர் இந்நாளில் இருவகை விளக்கங்களைக் கேட்டு மீள்கின்றனர். ஒன்று, கல்வெட்டும் சிற்ப அமைதியும் கொண்டு மன்னரையும் காலத்தையும் வரையறுக்கும் வரலாற்று விளக்கம். மற்றொன்று, கோயிலின் தரை வடிவமே ஓர் எந்திரம் என்றும், சதுரத்திலும் எண்கோணத்திலும் மறையாற்றல் ஒன்று உறைகின்றது என்றும் கூறும் விளக்கம். பின்னது கேட்பதற்கு இனிது; வியப்பை விளைப்பது. ஆயினும் வியப்பு வேறு, துணிபு வேறு.

இவ்விரண்டாம் விளக்கத்தின் அடிப்படை ஓர் எளிய ஒப்புமையாகும். திருமந்திரத்தின் நான்காம் தந்திரம் சக்கரங்களைக் கூறுகின்றது. அச்சக்கரங்கள் கட்டங்களால் ஆயவை. சிற்ப நூல்கள் மனைக்கும் கோயிலுக்கும் கட்டங்களை வகுக்கின்றன. ஆதலின் கோயிலும் சக்கரமும் ஒன்றே என்பது அவ்வொப்புமை. வடிவம் ஒத்தலால் பொருளும் ஒக்கும் என்று கொள்ளுதல் சரியா என்பதே இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகும் வினா. இவ்வினாவில் தமிழ் மாணவர்க்கு நேரான தொடர்பு உண்டு. திருமந்திரத்தை எவ்வாறு படிப்பது, சித்திரகவியை எவ்வாறு மதிப்பது, பல்லவர் காலத்துத் தமிழ்க் கைவினைஞர்க்கு உரிய புகழை யாருக்கு அளிப்பது என்னும் மூன்றும் இதன் விடையைப் பற்றி நிற்கின்றன.

2. எந்திரம் என்னும் சொல்

முதற்கண் சொல்லை நோக்குவோம். சங்க இலக்கியத்தில் 'எந்திரம்' என்பது பெரும்பாலும் கரும்பு ஆலையைக் குறிக்கும். ஐங்குறுநூற்றிலும் புறநானூற்றிலும் கரும்பாட்டும் எந்திரத்தின் ஒலி பேசப்படுகின்றது. இளந்திரையனைத் தலைவனாகக் கொண்ட பெரும்பாணாற்றுப்படையிலும் அவ்வொலி யானையின் பிளிற்றொலியோடு வைத்துப் பாராட்டப்படுகின்றது. தொண்டை நாட்டின் மிகப் பழைய பாட்டொன்றில் எந்திரம் என்பது சாறு பிழியும் பொறியேயன்றித் தகட்டில் எழுதும் வரைவு அன்று என்பதை மாணவர் உளங்கொள்ளல் வேண்டும். பதிற்றுப்பத்தில் அது கோட்டை வாயிலைக் காக்கும் பொறி. பெருங்கதையில் உதயணனை அகப்படுத்திய யானை எந்திரத்தால் ஆயது. சீவக சிந்தாமணியில் விசயை ஏறிச் சென்ற மயிலும் ஒரு பொறியே.

வடமொழியில் 'யந்த்ர' என்னும் சொல் அடக்குதல், பற்றி நிறுத்துதல் என்னும் பொருளுடைய 'யம்' என்னும் வினையடியிற் பிறந்தது. ஆற்றலை அடக்கிப் பயன்கொள்ளும் கருவி யாதாயினும் அது யந்திரம். கரும்பை அடக்குவது ஆலை. பகைவரைத் தடுப்பது கோட்டைப் பொறி. தெய்வ ஆற்றலை ஓரிடத்தில் நிறுத்துவதாகக் கருதப்பட்ட வரைவு பிற்காலத்து எந்திரம். இங்ஙனம் ஒரு சொல் கருவிப் பொருளினின்று வரைவுப் பொருளுக்குப் பெயர்ந்தது.

தமிழிற் 'பொறி' என்னும் சொல்லும் இவ்விரு பொருளையும் உடையதாதல் குறிக்கத்தக்கது. எந்திரமும் பொறி, புலியும் கயலும் வில்லுமாகிய அரசர் இலச்சினைகளும் பொறி, கல்லில் எழுத்தை வெட்டுதலும் பொறித்தல். செயற்படும் கருவியையும் பதிந்து கிடக்கும் குறியையும் ஒரு சொல்லாற் குறித்த மொழியில், வரைந்த குறி ஒரு கருவி போல் வினை செய்யும் என்னும் நம்பிக்கை வேரூன்றியதில் வியப்பில்லை. எனினும் ஒரு சொல்லின் பிற்காலப் பொருளை முற்கால வழக்கின் மேல் ஏற்றுதல் இலக்கண நூலார்க்கு உடன்பாடன்று. ஆராய்ச்சியாளர்க்கும் அது தகாது.

3. கயிறும் கோலும்

பண்டைத் தமிழர் வடிவ அளவையைப் போற்றினரா எனின், போற்றினர். நெடுநல்வாடையில் அரண்மனை எழுப்புவோர், நட்ட கோல்களின் நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகற் பொழுதை அறிந்து, கயிறிட்டுத் திசையைத் துணிந்து, தெய்வங்களை நோக்கி வகுத்தனர் என்னும் செய்தி வருகின்றது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், மூங்கிற் கோலை இருபத்துநான்கு விரல் அளவிற்கு நறுக்கி, அக்கோலால் ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதாக அரங்கு சமைத்தமை கூறப்படுகின்றது.

இவ்விரு பகுதிகளிலும் தெய்வத்தை வழிபடுதலும் உண்டு, அளத்தலும் உண்டு. ஆயின் இரண்டும் தம்முள் மயங்கவில்லை. தெய்வம் வணங்கப்படுகின்றது, கயிறு இழுக்கப்படுகின்றது. வணக்கத்தின் பயன் காவல். கயிற்றின் பயன் நேர்மை. கயிறு தானே காக்கும் என்று நக்கீரரும் கூறவில்லை. கோல் தானே அருளும் என்று இளங்கோவடிகளும் கூறவில்லை. அளவுக்குரிய பெருமையை அளவுக்கும், அருளுக்குரிய பெருமையைத் தெய்வத்துக்கும் பகுத்துக் கொடுத்த தெளிவு அவர்களுடையது.

4. கல்லிற் கட்டம்

இனி மாமல்லபுரத்திற்கு வருவோம். இங்குள்ள ஐந்து ஒற்றைக்கற் கோயில்களும் பாண்டவர் பெயராலும் 'இரதம்' என்னும் பெயராலும் வழங்குதல் பிற்கால மக்கள் வழக்கு. அவை தேர்களும் அல்ல; பாண்டவரோடு தொடர்புடையனவும் அல்ல. மரத்தாலும் செங்கல்லாலும் எடுக்கப்பட்ட கோயில்களின் வடிவங்களைக் கல்லிற் பெயர்த்தவை அவை. திரௌபதி பெயரால் வழங்குவது சதுரத் தரையின் மேற் கூரை வேய்ந்த குடில். அருச்சுனன் பெயரால் வழங்குவது சதுரத்தின் மேல் எண்கோணச் சிகரம் கொண்டது. வீமன் பெயரால் வழங்குவது நீள்சதுரத்தின் மேல் வண்டிக்கூடு போன்ற கூரையுடையது. நகுல சகாதேவர் பெயரால் வழங்குவது யானையின் பின்புறம் போல வளைந்த தூங்கானை மாடம். தருமராசன் பெயரால் வழங்குவது பல நிலைகள் அடுக்கி எண்கோணத்தில் முடிவது.

ஒரே பாறைத் தொடரில், ஒரே மரபினைச் சார்ந்த கைவினைஞர், இத்துணை வேறுபட்ட தரை வடிவங்களை அடுத்தடுத்து அமைத்தனர். குறித்த ஒரு வடிவத்திலேயே தெய்வ ஆற்றல் தங்கும் என்று அவர் கருதியிருப்பின் இவ்வேறுபாட்டிற்கு இடமில்லை. வடிவங்களைக் கற்றல், ஒப்பிடல், கல்லில் நிலைபெறச் செய்தல் என்னும் கலையார்வமே இங்கு மேலோங்கி நிற்பதாக யாம் கருதுகின்றோம்.

கட்டமே இங்கு இல்லையோ எனின், உண்டு. அதுவும் கண்கூடாக உண்டு. முற்றுப்பெறாத குடைவரைகளை நோக்கின், தச்சர் பாறையின் முகப்பைச் சதுரங்களாகப் பிரித்து, சதுரங்களுக்கு இடையே ஆழ்ந்த பள்ளங்களை உளியால் வெட்டி, எஞ்சிய கற்பகுதிகளைத் தட்டி நீக்கிய முறை புலனாகும். பாறையை அகற்றுதற்கு இட்ட கட்டம் அது. வேலை முடிந்த இடத்தில் அக்கட்டம் மறைந்துவிடுகின்றது. முடியாத இடத்தில் மட்டுமே எஞ்சுகின்றது. தொழுதற்குரிய சக்கரமாயின் வேலை முடிந்த பின்னரும் அது நிலைபெற வேண்டும். கருவியாயின் பயன் முடிந்ததும் நீங்க வேண்டும். கடன்மல்லையின் கட்டம் நீங்கும் இயல்பினது. ஆதலின் அது கருவியே.

'அறுபத்துநான்கு பதமுடைய மண்டூகமும் எண்பத்தொரு பதமுடைய பரமசாயிகமும் சிற்ப நூல்களில் தெய்வங்களுக்கு வகுக்கப்பட்டன அல்லவோ?' என வினவலாம். அவ்விரு பகுப்பும் ஆறாம் நூற்றாண்டினதாகிய வராகமிகிரரின் பிருகத் சங்கிதையிலேயே உள. ஒன்று முதல் ஆயிரத்திருபத்துநான்கு பதம் வரை முப்பத்திரண்டு பகுப்புகளை விரிக்கும் மயமதமோ சோழர் காலத்தைச் சார்ந்தது, பல்லவர்க்குப் பிற்பட்டது. ஆதலின் மயமதத்தைக் கையிற்கொண்டு மாமல்லபுரத்தை அளப்பார், பேரனின் உடையைப் பாட்டனுக்கு அணிவித்துப் பார்ப்பாரை ஒப்பர். சிற்ப நூல்களிலும் பதந்தோறும் தெய்வங்களை நிறுத்துதல் பலியிடுதற்கும் உறுப்புகளை இடமறிந்து அமைத்தற்கும் ஆம். அப்பதங்கள் எழுத்துப் பொறித்துச் செபிக்கும் சக்கரங்கள் அல்ல.

மறை வழிபாடு இக்கடற்கரையில் இல்லை என்பது எம் கருத்தன்று. திரௌபதி பெயரால் வழங்கும் கோயிலின் உட்சுவரில் தாமரை மேல் நிற்கும் கொற்றவையின் திருவடியில், ஒருவன் தன் தலையைத் தானே அரிந்து கொடுக்க முற்படும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. வேட்டுவ வரியைப் பயின்றார்க்கு இக்காட்சி புதிதன்று. அச்சமும் வேட்கையும் கலந்த கொடிய வழிபாடு அது. ஆயின் அவ்வழிபாடு அங்கே உருவத்தால் உணர்த்தப்பட்டது, வரைவால் அன்று. உயிரைக் கொடுப்பவன் இருக்கின்றான். கட்டத்தில் எழுத்தடைப்பவன் இல்லை. இவ்வேறுபாட்டைக் காணாது 'சாக்தம் உண்டு. ஆகவே சக்கரமும் உண்டு' எனல் ஏரணத்தொடு பொருந்தாது.

5. செய்யுளிற் கட்டம்

பல்லவர் காலத்துக் கட்டம் கல்லில் மட்டும் அமையவில்லை, செய்யுளிலும் அமைந்தது. ஏறக்குறைய கி.பி. 700-ஐ ஒட்டிக் காஞ்சியில் வாழ்ந்த தண்டி, தம் காவியாதரிசத்தின் மூன்றாம் பரிச்சேதத்திற் சித்திரகவி வகைகளை விளக்கினார். அவற்றுட் சருப்பதோபத்திரம் ஒன்று. எட்டெழுத்தாலாய அடி நான்கினை வரிசையாக எழுதி, அவற்றையே கீழிருந்து மேலாக மறுபடி எழுதின் அறுபத்துநான்கு அறைகள் நிரம்பும். எப்பக்கத்தினின்று படிப்பினும் அச்செய்யுளே வரும். மண்டூகத்தின் பதங்களும் அறுபத்துநான்கு. இச்செய்யுளின் அறைகளும் அறுபத்துநான்கு. சருப்பதோபத்திரம் என்னும் பெயரும் கட்டட வகைக்கும் செய்யுள் வகைக்கும் பொதுவாக வழங்குவது.

இரண்டும் ஒன்றே என்று கூறிவிடலாமா? தண்டியார் அவ்வாறு கூறவில்லை. இவ்வகைச் செய்யுள் இயற்றுதற்கு அரியது என்பதே அவர் கருத்து. ஓதினார்க்குப் பகை நீங்கும், பொருள் சேரும் என அவர் பயன் கூறினாரல்லர். தமிழ்த் தண்டியலங்காரமும் சொல்லணியியலிற் கோமூத்திரி, மாலைமாற்று, நாகபந்தம், சக்கரம், சுழிகுளம், சருப்பதோபத்திரம் முதலியவற்றை அணியாகவே வைத்தது. 'சக்கரம்' என்னும் பெயரைப் பெற்றிருந்தும் அது மந்திரமாகக் கொள்ளப்படவில்லை. ஒரே பெயர், ஒரே வடிவம், வேறு பயன் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

தண்டிக்கும் மாமல்லபுரத்திற்கும் உள்ள தொடர்பு ஈண்டு நினைவுகூரத் தக்கது. மானவல்லி இராமகிருஷ்ண கவி 1924-ல் வெளியிட்டதும், பின்னர் 1954-ல் திருவனந்தபுரத்திற் பதிப்பிக்கப்பட்டதும் ஆகிய அவந்திசுந்தரி கதை என்னும் உரைநடைக் காப்பியத்தின் முற்பகுதியில் ஒரு செய்தி உளது. இலலிதாலயன் என்னும் சிற்பி, மாமல்லபுரத்துக் கடலோரத்திற் பள்ளிகொண்ட திருமாலின் உடைந்த கையை ஒட்டுத் தெரியாவண்ணம் இணைத்து, அதனைக் காண வருமாறு தண்டியாரை அழைத்தான் என்பது அச்செய்தி. அவன் எந்திரங்கள் அமைப்பதில் வல்லவன் என்றும், சூத்திரகன் கதையைத் திராவிட மொழியில் இயற்றியவன் என்றும் அந்நூல் கூறுகின்றது. இன்று கடற்கரைக் கோயிலின் இரு சிவன் சன்னிதிகளுக்கு இடையே பாறையிற் கிடக்கும் பள்ளிகொண்ட பெருமாளே அவ்வுருவம் என்பர் அறிஞர் பலர்.

கல் தொழிலும் எந்திரத் தொழிலும் தமிழ்க் கதை புனைதலும் ஒருவனிடத்தே கூடியிருந்தன. அவன் எந்திரம் இயங்கும் பொறி. தகட்டு வரைவு அன்று. அக்காலத்துக் கடன்மல்லையில் எந்திர வல்லுநன் ஒருவன் எதற்காகப் போற்றப்பட்டான் என்பதற்கு இதுவே நேர்ச்சான்று. அவன் இயற்றிய தமிழ் நூல் இன்று கிடைத்திலது. இல்லாத மறைநூலை நாடி ஏங்குவார், இருந்து மறைந்த இக்கதை நூலுக்காகச் சிறிதேனும் வருந்துதல் நன்று.

சித்திரகவியைச் 'சொல் விளையாட்டு' என்று ஒதுக்குவாரும் உளர். அவர்க்குத் திருமங்கையாழ்வாரின் திருவெழுகூற்றிருக்கையைக் காட்டுவோம். எண்கள் ஒன்று, பின் ஒன்று இரண்டு ஒன்று, பின் ஒன்று இரண்டு மூன்று இரண்டு ஒன்று என ஏறி இறங்கி ஏழு வரை சென்று மீளும் யாப்பு அது. எண்ணின் கட்டு இறுக இறுகப் பத்தியின் வேகம் மிகுகின்றது. குடந்தைப் பெருமானின் திருவடியில் அவ்வேகம் அடங்குகின்றது. கடன்மல்லைத் தலசயனத்தையும் பாடிய ஆழ்வார் அவர். அச்செய்யுளைத் தேர் வடிவிற் கட்டங்களாக எழுதுதல் பிற்கால வழக்கு. மாமல்லபுரத்துக் கற்கோயில்களைத் தேர் என்று அழைத்தலும் பிற்கால வழக்கு. கல்லைக் கண்டே ஆழ்வார் செய்யுளை அமைத்தார் என்று யாம் கூறத் துணியோம். செய்யுளிலும் கல்லிலும் நிலைமேல் நிலையாக ஏறும் வடிவத்தைக் கண்டு பிற்காலத் தமிழர் இரண்டிற்கும் ஒரு பெயர் இட்டனர் என்பதளவில் அமைவோம்.

6. சக்கரத்தின் மனைகள்

இனித் திருமந்திரம். நான்காம் தந்திரத்தில் அசபை முதல் நவாக்கரி சக்கரம் ஈறாகப் பதின்மூன்று பகுதிகள் உள. அவற்றுள் திருவம்பலச் சக்கரம் எங்கணும் கோடுகளாலும் எழுத்துகளாலும் அமைவது. நெடுக்கிற் பன்னிரண்டு கோடுகளும் குறுக்கிற் பன்னிரண்டு கோடுகளும் இட்டு, பதினொன்றைப் பதினொன்றால் உறழ்ந்த நூற்றிருபத்தொரு அறைகளை அமைத்து, அவற்றுள் ஒன்றில் இறைவன் எழுந்தருளுவான் என்று ஒரு செய்யுள் கூறுகின்றது. அவ்வறைகளுக்குத் திருமூலர் இட்ட பெயர் 'மனை' என்பது. தச்சன் நிலத்தில் வகுக்கும் மனையையே அவர் சக்கரத்தில் வகுத்தார். சிற்பத்தினின்று மந்திரத்திற்குச் சென்ற சொல் இது.

கோயிற் பகுப்பும் சக்கரப் பகுப்பும் உறவுடையன என்பாரின் கூற்றில் உள்ள உண்மை இதுவேயாகும். ஆயின் உறவின் திசையை அவர் மாற்றிவிட்டனர். சக்கரத்தைக் கண்டு தச்சன் கோயில் கட்டினான் என்பர் அவர். தச்சனின் மொழியைக் கொண்டு யோகி தம் சக்கரத்தை விளக்கினார் என்பதற்கே சொற்சான்று உளது. அறைகள் ஒற்றைப்படையாக இருத்தலும் நோக்கத்தக்கது. பதினொன்றிற்கு நடுவறை உண்டு. எட்டிற்கு நடுவறை இல்லை, கோடுகள் கூடும் புள்ளியே உண்டு. திருமூலர்க்கு இறைவன் வீற்றிருக்க ஓர் இருக்கை வேண்டும். ஆதலின் ஒற்றைப்படையைக் கொண்டார். வடிவத்தைத் தேர்ந்தது கருத்து. கருத்தைப் பிறப்பித்தது வடிவம் அன்று.

அதே பகுதியில் தம்பனம், மோகனம், உச்சாடனம், வசியம் முதலிய அறுவகைச் செயல்களுக்கும் முறை கூறும் செய்யுட்கள் வருகின்றன. தம்பனத்திற்கு அரசம் பலகை, வசியத்திற்கு வில்வப் பலகை எனப் பொருள்களும் ஓலையும் பூச்சும் திசையும் வகுக்கப்படுகின்றன. புவனபதிச் சக்கரத்தில் 'இயந்திரம்' என்னும் சொல்லே வந்து, செப்பில் அறுகோணம் வரையுமாறு பணிக்கின்றது. தகட்டு வரைவு என்னும் பொருளில் எந்திரம் தமிழில் வழங்கியமைக்கு இது தெளிவான சான்று.

இச்செய்யுட்களைக் கண்டு நாணி, 'இவை இடைச்செருகல்' என்று கூறி அமைவாரும் உளர். இவற்றையே நூலின் உயிர் என்று போற்றுவாரும் உளர். இருவரொடும் யாம் உடன்படுகிலேம். மூவாயிரம் என்னும் வழக்கிற்கு மேற்பட்ட செய்யுட்கள் அச்சுப் பதிப்புகளில் இருத்தலால் நூலில் இடைச்செருகல் உண்டு என்பது தெளிவு. ஆயின் ஒரு செய்யுள் நமக்கு உவப்பில்லை என்பது அதனை நீக்குதற்குக் காரணமாகாது. ஏட்டுச் சான்று, சொல், யாப்பு, பொருள் தொடர்ச்சி ஆகியவையே காரணமாகும். திருமூலர் காலத்து ஞானமும் மருத்துவமும் மந்திரமும் ஒரே ஆசிரியரிடத்துக் கற்கப்பட்டன. உயர்ந்த செய்யுளுக்கு அயலிற் பச்சிலையும் பலகையும் பேசப்படுதல் அந்நிலையின் விளைவே. அவற்றை வரலாறாகப் படித்தல் வேண்டும். வேதனைக்குரிய பகுதியாகவோ வித்தைக்குரிய கையேடாகவோ படித்தல் ஆகாது.

செய்யுளும் வரைவும் முற்றப் பிணைந்த நிலையை ஸ்ரீசக்கர வழிபாட்டிற் காண்கின்றோம். மேல்நோக்கிய முக்கோணம் நான்கும் கீழ்நோக்கிய முக்கோணம் ஐந்தும் ஒன்றையொன்று ஊடறுத்து நாற்பத்துமூன்று சிறு முக்கோணங்களை ஆக்குவது அது. பல கோடுகள் ஒரே புள்ளியிற் கூடவேண்டுதலின் அதனைப் பிழையின்றி வரைதல் அரிது. காஞ்சிக் காமாட்சியம்மன் கோயிலில் இறைவியின் திருமுன் ஸ்ரீசக்கரம் வழிபடப்படுகின்றது. சௌந்தரியலகரியின் ஒவ்வொரு சுலோகத்திற்கும் ஓர் எந்திரமும் ஒரு பயனும் கூறும் வழக்கும் பிற்காலத்தில் எழுந்தது. அந்நூலைத் தமிழாக்கிய வீரை கவிராச பண்டிதர் கவிஞராக நின்று பாடினார். தமிழ்ச் செய்யுளின் சுவை எந்திரத்தின் துணையின்றியே நிற்றலைக் கற்றார் அறிவர். சித்திரகவியிற் கட்டத்தை நீக்கின் செய்யுள் சிதையும். இங்குக் கட்டத்தை நீக்கினும் செய்யுள் சிதையாது. ஒன்றில் வடிவம் செய்யுளின் உறுப்பு. மற்றொன்றில் வழிபாட்டின் துணை. இவ்வேறுபாடே திறனாய்வாளர்க்கு வேண்டுவது.

கோலம் இவ்வகையில் மற்றொரு சான்று. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணியும் அவருடன் ஆய்ந்தோரும் 1974-ல் புள்ளிக் கோலங்களை இலக்கண விதிகளாக வகுக்கும் முறையைக் கணினி ஆய்வுலகிற்கு வெளியிட்டனர். அவரே மைக்கேல் லாக்வுட்டு, தயானந்தன் ஆகியோருடன் அவ்வாண்டிலேயே மாமல்லபுர ஆய்வுகள் அடங்கிய நூலையும் வெளியிட்டார். வாயிற்கோலம் மங்கலம் என்னும் நம்பிக்கையை அவ்விதிகள் மறுக்கவில்லை; அந்நம்பிக்கை விதிகளைத் தரவும் இல்லை. கோலமிடும் பெண்டிரின் கை அறிந்த ஒழுங்கு வேறு, அதன் மேல் வைத்த பத்தி வேறு என்பது அவ்வாய்வாற் புலனாகின்றது.

7. ஐந்திரம் என்னும் நூல்

மாமல்லபுரத்தில் 1957-ல் நிறுவப்பட்ட சிற்பக் கல்லூரிக்குப் பல்லாண்டுகள் தலைமை தாங்கிய வை. கணபதி தபதியார் (1927–2011) தமிழகம் என்றும் மறவாத கலைஞர். கன்னியாகுமரியில் 2000-ஆம் ஆண்டின் முதல் நாளில் திறக்கப்பட்ட 133 அடி உயரமுள்ள திருவள்ளுவர் சிலை அவர் ஆக்கம். கருங்கல்லில் அத்துணை உயர்ந்த உருவத்தை நிலைநிறுத்திய அளவையறிவு எவராலும் ஐயுறப்படாதது.

ஆயின் அவர் பரப்பிய கொள்கை வேறு. மாமுனி மயன் அருளியதாக 1986-ல் தமிழ்நாட்டுத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் வாயிலாக வெளிவந்த 'ஐந்திரம்' என்னும் நூலை அவர் மிகத் தொன்மையதாகக் கொண்டார். சதுரமும் கனசதுரமும் உயிர்ப்பொருளின் மூல வடிவம் என்றார். மயனை நடு அமெரிக்க மாயரோடும் இயைத்தார். தொல்காப்பியப் பாயிரத்து ஐந்திரம் இதுவே என்பாரும் எழுந்தனர்.

இக்கொள்கையைத் தமிழ்த்துறையினர் வாளா கேட்டிருத்தல் பொருந்தாது. பாயிரத்து ஐந்திரம் இந்திரனாற் செய்யப்பட்ட இலக்கணம் என்பதே உரையாசிரியர் கொள்கை. 1875-ல் பர்னெல் எழுதிய ஆராய்ச்சியும் அதனை இலக்கண நூலாகவே கொண்டது. எழுத்தும் சொல்லும் பொருளும் ஆராயும் நூலின் பாயிரத்தில், ஆசிரியர்தம் இலக்கணப் புலமையைக் கூறுமிடத்து, சிற்ப நூலைப் புகுத்துதற்கு இடமின்மை வெளிப்படை. சிலப்பதிகாரத்தில் மயன் வருகின்றான். தெய்வத் தச்சனாக வருகின்றானேயன்றி நூலாசிரியனாக அல்லன். அருந்தொழிலைக் கண்டவழி 'மயன் செய்தது' எனல் புலவர் வழக்கு. புகழ்ச்சியை வரலாறாக்குதல் பிழை.

தொல்பொருட் சான்றும் வேறொன்றைக் கூறுகின்றது. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர்ச் சாளுவன்குப்பத்தில் வெளிப்பட்ட முருகன் கோயிலை 2005 முதல் அகழ்ந்தபோது, பல்லவர் காலத்துக் கருங்கற் பகுதிக்குக் கீழே அதனினும் பழைய செங்கற் கோயில் காணப்பட்டது. அகழ்ந்தோர் அதனைச் சங்க காலத்ததாகக் கொள்வர். செங்கல்லினின்று கல்லிற்குப் படிப்படியாகச் சென்ற மரபின் சான்று அது. பல தலைமுறைத் தச்சரின் உழைப்பால் வளர்ந்த கலையை ஒரு முனிவர் ஒரு நாளில் அருளினார் எனின், அத்தச்சர் அனைவரும் வெறும் ஏவலராகி விடுவர். தபதியார் தம் குலத்தாரை உயர்த்த விரும்பினார், ஐயமில்லை. ஆயின் அக்கொள்கை அவர்களைத் தாழ்த்தவே செய்கின்றது என்பது எம் துணிபு.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். முதலாவது, கட்டம் என்னும் வடிவம் தொழில், செய்யுள், வழிபாடு என்னும் மூன்றிற்கும் பொது. அது எதற்குரியது என்பதை வடிவம் கூறாது, வழங்கிய இடமும் காலமும் சொல்லுமே கூறும். இரண்டாவது, பல்லவர் காலத்துக் கடன்மல்லையிற் கட்டம் கருவியாக நின்றதற்குப் பாறையே சான்று. சக்கரமாக நின்றதற்குச் சான்றில்லை. மூன்றாவது, திருமந்திரத்துச் சக்கரங்கள் மெய்யாகவே சக்கரங்கள். அவற்றை அவற்றின் மொழியிலேயே படித்தல் வேண்டும். அவற்றைக் கோயிலின் மேல் ஏற்றுதல் கோயிலுக்கும் நீதியன்று, திருமூலர்க்கும் நீதியன்று. இத்துறையில் ஆய்வேடு எழுதப் புகும் மாணவர், ஒப்புமை கண்டவிடத்து அதனை முடிபாக எழுதாமல் வினாவாக எழுதிக்கொள்வாராக.

மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியிற் பாறையொன்றில் பல்லவர் காலத் தமிழ் எழுத்திற் சில பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என்பன அவற்றுட் சில. இக்கோயில்களை ஆக்கிய கைவினைஞரின் பெயர்கள் இவை என்பர் அறிஞர். அப்பாறையில் முக்கோணமும் இல்லை, அறுகோணமும் இல்லை. உளியை வடித்துக் கொடுத்த கொல்லன் பெயர் உண்டு. கடன்மல்லையின் மறைபொருளைத் தேடுவார் அப்பாறையின் முன் சிறிது நேரம் நிற்பாராக.